லயத்து அடுப்பும் குடும்ப ஜெபமும்



மலைநாட்டுத் தோட்டங்களில் கிறிஸ்து சமயம் வேரூன்றிய வரலாற்றைச் சொல்லப் புகுவோர் வழக்கமாக ஆலயங்களிலிருந்தே தொடங்குவர். நுவரெலியாவில் 1852ஆம் ஆண்டு பிரதிட்டை செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயமும், டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டு எழுந்த வார்லி ஆலயமும் இன்றும் காண்போர் மனத்தைக் கவர்கின்றன. இவை துரைமார் தம் வழிபாட்டுக்கெனக் கட்டிக்கொண்டவை. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவிலே, நிழற்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879ஆம் ஆண்டு முதல் துயில்கின்றார். அவருக்குக் கல்லறை உண்டு. கல்லிலே பெயரும் உண்டு. அதே காலத்தில் அதே மலைகளில் மாண்ட தொழிலாளர் பலர் புதைந்த இடத்தை அறிவாரில்லை. அவர்கள்மீது முதலிற் காப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்ந்தன.

ஆகையால் இன்று நான் ஆலயத்தை விட்டு லயத்துக்குள் நுழைய விரும்புகின்றேன். அயலார் "வேதக்காரர்" என்று அழைத்த குடும்பங்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பராவுக்குள் எவ்வாறு வாழ்ந்தன, எதை விசுவசித்தன, அந்த விசுவாசம் அவர்களுடைய இல்லறத்தை எந்த அளவுக்கு மாற்றியது என்பதே என் பேச்சின் பொருள். அட்டன் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், நூல்களிற் கண்டவற்றோடு கண்ணாற் கண்டவற்றையும் சேர்த்துச் சொல்கின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மலைநாட்டில் சமயம் முந்தியது, குடும்பம் பிந்தியது. காப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரில் பெரும்பாலோர் தனி ஆடவர். தலைமன்னாரிற் கரையேறி, மாத்தளைவரை காட்டு வழியே நடந்து, பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். இவர்களிடையே ஊழியஞ் செய்வதற்காகவே 1854ஆம் ஆண்டு சர்ச் மிஷன் சங்கத்தின் ஆதரவில் "தமிழ்க் கூலி மிஷன்" தொடங்கிற்று. பெயரைக் கேட்கும்போதே நமக்குச் சற்றுக் கூசுகிறது. பின்னாளில் அச்சபையாரே அப்பெயரைக் கைவிட்டனர். அதை நடத்தத் திருநெல்வேலியில் முன்னரே ஊழியஞ் செய்து தமிழ் கற்றிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் பாதிரியார் வந்தார். அவரோடு திருநெல்வேலிச் சீமையின் உபதேசிமாரும் வந்தனர். வேதாகமத்தைக் கையிலேந்தித் தோட்டந்தோட்டமாக நடந்தவர்கள் இவர்களே. நாடோடியாக வந்துபோகும் ஆடவர்க்கு, நடந்து திரியும் உபதேசியார் பொருத்தமானவராகத்தான் இருந்தார்.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளில் காப்பி இலையில் நோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் காப்பி ஏறத்தாழ அழிந்தது. தேயிலை காப்பியைப் போன்றதன்று. அதற்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் கொழுந்து விடும். கிள்ளுவதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டுமெனத் தோட்ட நிர்வாகம் கருதியது. ஆடவன் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து நிலையாகத் தங்கலானான். மலைநாட்டுத் தமிழ்க் குடும்பம் என்று நாம் இன்று சொல்வது, பெரும்பாலும் தேயிலையோடு வந்து தேயிலையோடு வேர்விட்டது. அதன் உறைவிடத்தை நிர்ணயித்தது நிர்வாகம். துயிலெழும் நேரத்தை நிர்ணயித்தது பிரட்டுத் தப்பு. குடும்பத்துக்கென்று அந்த நாளிலே மிஞ்சியது, விளக்கேற்றியபின் உண்டாகும் ஓரிரு மணி நேரமே.

அந்த நேரத்திலேதான் குடும்ப ஜெபம் நடந்தது. கத்தோலிக்க இல்லங்களில் அது செபமாலை. சீர்திருத்தச் சபையாரின் இல்லங்களில் ஒரு கீர்த்தனை, ஒரு வேதப் பகுதி, தகப்பனாரின் ஜெபம். அடுத்த காம்பராவுக்கும் நமக்கும் இடையே ஒரு சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாத சுவராகப் பல லயங்களில் இருந்தது. ஆகவே வேதக்காரரின் பாட்டை மாரியம்மன் பக்தர் கேட்டனர். காமன் கூத்துப் பாட்டை வேதக்காரர் கேட்டனர். சமய நல்லிணக்கம் என்று நகரத்தில் மாநாடு கூட்டிப் பேசுவதை, லயத்தார் மெல்லிய சுவரின் புண்ணியத்தாற் கற்றுக்கொண்டனர்.

எங்கள் பகுதி உபதேசிமாருக்கு மிகவும் பிடித்த கதை ரூத்தின் கதை. பஞ்சத்தால் நாடு விட்டுப் போன ஒரு குடும்பம்; அந்நிய மண்ணிலே இறந்த ஆடவர்; விதவையான மாமியாரை விட்டுப் பிரியாமல் அவளோடு இன்னொரு நாட்டுக்கு நடந்த மருமகள்; அங்கே பிறர் வயலிற் கதிர் பொறுக்கிப் பிழைத்த வாழ்க்கை. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பஞ்சத்துக்கு அஞ்சிப் புறப்பட்ட மக்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயலின் இடத்திலே மலையையும் கதிரின் இடத்திலே கொழுந்தையும் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் உபதேசியாரின் நிலையை நாம் மிகைப்படுத்திப் புகழ்தல் ஆகாது. அவர் தோட்டத்துள் நுழைவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். அவருடைய சம்பளத்தின் ஒரு பங்கு துரைமாரின் நன்கொடையிலிருந்து வந்தது. ஆகையால் கீழ்ப்படிதலைப் பற்றி அவர் அடிக்கடி பிரசங்கித்தார். கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைப்போரைத் தீர்க்கதரிசிகள் கண்டித்த பகுதிகளை அத்துணை அடிக்கடி வாசித்தாரென்று சொல்ல முடியாது. எனினும் அவர் ஒரு காரியம் செய்தார், எழுத்தறிவித்தார். வேதத்தை வாசிக்க வேண்டுமாயின் எழுத்துத் தெரிய வேண்டும். எழுத்துத் தெரிந்தவனோ வேதத்தோடு நிறுத்துவதில்லை. செக்ரோல் கணக்கையும் வாசித்து, தன் பெயர் எத்தனை நாள் விழுந்திருக்கிறதென்று பார்ப்பான்.

இனி, அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனத்திலே பெரிதாக நிற்பது அதுவே.

கொழுந்தெடுக்கும் பெண் விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, ஏழரை மணியளவில் மலையில் நிற்க வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாட்பெயருக்குப் பதினாறு முதல் இருபது கிலோவரை கொழுந்து கேட்கின்றனர். அவள் கடைசி நிறுவைக்குப் பிறகு வீடு சேரும்போது மாலை ஐந்தாகிவிடும். கவ்வாத்து வெட்டும் ஆடவனோ, கொடுத்த அளவை முடித்துக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கே திரும்பிவிடுவது வழக்கம். இவ்வாறிருந்தும் நீண்ட காலம் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிலுங் குறைவாகவே இருந்தது. 1984ஆம் ஆண்டிலேதான் இரண்டும் சமமாயின. அந்தக் கூலியையும் பல இல்லங்களிற் கணவனே போய்க் கையேற்றான். ஐந்து மணிக்கு வந்தவள் தண்ணீர் சுமந்து, விறகொடித்து, அடுப்பூதிச் சமைத்து முடிக்கும்வரை ஜெபம் காத்திருந்தது. ஜெபத்தை நடத்துபவர் தகப்பனார். முழந்தாளில் நின்றபடியே கண்ணயர்பவள் தாய். இதை நான் ஒரு வீட்டிலன்று, பல வீடுகளிற் கண்டதுண்டு.

எங்கள் லயத்தில் ஒரு மனிதர் இருந்தார்; கவ்வாத்துக்காரர். ஓராண்டு பெரிய வியாழன் மாலை ஆராதனையில், ஆண்டவர் துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவிய பகுதி வாசிக்கப்பட்டது. ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பகுதிதான். அந்த ஆண்டு அவருக்கு அது எவ்வாறோ வேறுவிதமாகக் கேட்டிருக்கிறது. மறுவாரம் முதல், பிற்பகலிலே பீலிக்குப் போய்க் குடத்தில் நீர் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வரலானார். கவ்வாத்து மிலாரைக் கட்டிக் கொணர்ந்து அடுப்பை மூட்டி, மனைவி வருமுன் உலையேற்றினார். லயமே சிரித்தது. "என்ன அண்ணே, நாளைக்குக் கொழுந்துக் கூடையும் கட்டுவீங்களோ?" என்று ஒருவன் கேட்க, "ஆண்டவரே துண்டு கட்டினாரு தம்பி, எனக்குக் குடம் தூக்க என்ன குறை?" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். "பெண்டாட்டிதாசன்" என்ற பட்டம் அவரை நெடுங்காலம் விடவில்லை.

நான் கவனித்தது அதற்குப் பின் நடந்ததை. அவருடைய மனைவிக்கு மாலையில் அரைமணி நேரம் கையில் மிஞ்சிற்று. அந்த அரைமணி நேரத்தில், தோட்டப் பள்ளிக்கூடத்திலே மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளிடம் அவள் எழுத்துக் கற்கத் தொடங்கினாள். சிலேட்டிலே தாயின் கையைப் பிடித்து மகள் எழுதுவித்தாள். இரண்டு ஆண்டு கழித்து, ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வேதப் பகுதியைத் தாயே வாசித்தாள். திக்கித் திக்கித்தான் வாசித்தாள். தகப்பனார் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆன்மீக வளர்ச்சி என்பதைப் பற்றிப் பல பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடமும் சிலேட்டுமே நினைவுக்கு வருகின்றன.

இத்தகைய இல்லங்களின்மீதுதான் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து விழுந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகியிருந்த ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்குப் போடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. குடும்பங்கள்தாம் சரியாக வகுபடவில்லை. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் எத்தனையோ. அட்டன் புகையிரத நிலையத்திலே கட்டிப்பிடித்து அழுதவர்கள், தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபம் முகாமை அடைந்தார்கள். சிலர் நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென 1968ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், மறுபடியும் கூடை கட்டினார்கள்.

பிரிந்த குடும்பங்கள் சில ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. இன்ன மாதம் இன்ன நாளில் இன்ன அதிகாரம் வாசிப்பதென்று கடிதத்திற் குறித்துக்கொண்டு, கோத்தகிரியிலும் டிக்கோயாவிலும் ஒரே இரவில் ஒரே பகுதியை வாசித்தனர். 1984ஆம் ஆண்டோடு கப்பலும் நின்றது. கடிதங்களும் வரவர அருகின. இலங்கையில் எஞ்சியோரின் உரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. இதற்கிடையே திருச்சபையிலும் மாற்றம் நேர்ந்தது. 1972ஆம் ஆண்டு கண்டியிலே சத்தியோதயம் நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி பௌல் கஸ்பர்ஸ் அடிகளார் போன்றோர், தொழிலாளரின் வீட்டையும் கூலியையும் குடியுரிமையையும் பற்றிப் பேசுவது சமயத்துக்குப் புறம்பானதன்று என்று வாழ்ந்து காட்டினர். 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியே மக்கள் நடந்தபோது, கிறிஸ்தவ சபையாரும் அதில் முன்னின்றனர். உபதேசியார் அன்று வாசிக்கத் தயங்கிய பகுதிகள் இப்போது வாசிக்கப்படுகின்றன என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

லயங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் சில தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடுகள் எழுந்துள்ளன. இளைஞர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். தாய்மார் பலர் குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுப் பணிக்குச் சென்றிருக்கின்றனர். அந்த இல்லங்களில் அடுப்பு மூட்டுபவர் தகப்பனார்தாம். சிரிப்பாரில்லை, ஏனெனில் பக்கத்து வீட்டிலும் அதே நிலை. ஜெபமோ இன்னும் தாய்க்காகக் காத்திருக்கிறது. இங்கே இரவு எட்டு மணியாகும்போது குவைத்தில் மாலை ஐந்தரை. அவள் வேலை செய்யும் வீட்டிலே இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் நடக்கும் நேரம் அது. ஆகவே அவள் கைத்தொலைபேசியை அடுப்புக்குப் பக்கத்திலே சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, மகள் வாசிப்பதைக் கேட்கிறாள்.