இறை அழைப்பும் உண்மைத்தன்மையும்: தஞ்சை உபதேசியார் இராஜநாயக்கனின் பணிவாழ்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ வாழ்வியலில் 'அழைப்பு' என்பது அடிப்படைக் கருத்தாகும். இறைவன் விடுக்கும் அழைப்புக்கு உண்மையாயிருத்தலைத் திருச்சபை வழங்கும் பதவியைக் கொண்டு அளக்க இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி மிஷனைச் சார்ந்து தஞ்சையில் பணியாற்றிய இராஜநாயக்கனின் வாழ்வு இவ்வினாவுக்குரிய சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அழைப்பு, உண்மைத்தன்மை, ஊழியம், உபதேசியார், தரங்கம்பாடி மிஷன், சாதி.

முன்னுரை

இறைவன் மனிதனைத் தேடிவந்து தன் பணிக்கு உரியவனாக்கிக் கொள்ளுதல் தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று. சுந்தரரை இறைவன் ஓலை காட்டி ஆட்கொண்ட வரலாற்றைப் பெரியபுராணம் 'தடுத்தாட்கொண்ட புராணம்' எனத் தனிப்பகுதியாகவே அமைத்துள்ளது. விவிலியத்திலும் மோசே, சாமுவேல், எரேமியா ஆகியோர் அழைக்கப்பட்டவர்களாகவே அறிமுகமாகின்றனர். எனினும் அழைப்பைப் பெறுதல் ஒரு கணத்தில் நிகழ்வது. அதற்கு உண்மையாயிருத்தலோ வாழ்நாள் முழுவதும் தொடர்வது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுங்காலமே ஆய்வுக்குரியது.

அழைப்பு: சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டில் அழைப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கிளேசிஸ்' என்பதாகும். சபையைக் குறிக்கும் 'எக்லேசியா' என்னும் சொல்லும் அழைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்தே பிறந்தது. எனவே சபை என்பதே அழைக்கப்பட்டோரின் கூட்டம் என்றாகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (4:2) உக்கிராணக்காரனிடத்தில் எதிர்பார்க்கப்படுவது உண்மையே என்கிறார். வெற்றியோ எண்ணிக்கையோ அங்கு அளவுகோலாகக் கூறப்படவில்லை.

மார்ட்டின் லூத்தர் இக்கருத்தை விரிவாக்கினார். துறவியரும் குருமாரும் மட்டுமே அழைக்கப்பட்டவர்கள் என்னும் எண்ணத்தை மறுத்து, உழவரும் கைவினைஞரும் தாய்தந்தையரும் தத்தம் கடமைகளில் இறை அழைப்புக்கு உரியவர்களே என்றார். இப்பார்வையில், இன்று பென்னலூரிலும் ஒரகடத்திலும் முறைப்பணி ஆற்றும் தொழிலாளியின் உழைப்பும் அழைப்பின் களமே. அதே வேளையில், 1530 இல் வெளியிடப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என வரையறுத்தது. இதனால் இறைவனின் அழைப்பு, அதற்குச் சபை அளிக்கும் ஏற்பு என்னும் இருநிலைகள் உருவாயின. இவ்விரண்டும் முரண்படும்போது யாருடைய உண்மைத்தன்மை சோதிக்கப்படுகிறது என்பதே சிக்கல்.

இராஜநாயக்கனின் பணிவாழ்வு

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, நற்செய்தி நூல்கள் நான்கையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் பெயர்த்து 1714 இல் அச்சிட்டார். தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்த இராஜநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வந்தவர். அவர் கைக்கு வந்த இத்தமிழ் நூலே அவரைத் தரங்கம்பாடி மிஷனை நோக்கித் திருப்பியது. 1728 இல் படைப்பணியை விட்டு உபதேசியாரானார். அவரது அழைப்பு கனவிலோ காட்சியிலோ அன்றி, வாசிப்பின் வழியே வந்தது என்பது தமிழ் அச்சுப் பண்பாட்டு வரலாற்றிலும் கருதத்தக்கது.

ஐரோப்பிய மிஷனரிகள் அரசரின் இசைவின்றித் தஞ்சை நாட்டில் உலவ இயலாத காலம் அது. ஆகவே அங்குச் சிதறி வாழ்ந்த கிறித்தவர்களைச் சந்தித்துப் போதித்து ஒருங்கிணைக்கும் பணி இந்திய ஊழியர்கள் மீதே விழுந்தது. சுவார்ட்சு 1778 இல் தஞ்சையில் நிலையாகத் தங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அங்குச் சபை வேரூன்றியிருந்ததெனில், அதில் இராஜநாயக்கனின் பங்கு பெரிது.

மறுக்கப்பட்ட குருப்பட்டம்

கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் லூத்தரன் நாட்டுக்குருவானார். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் இராஜநாயக்கனின் பெயரும் கருதப்பட்டது. ஆயினும் 1741 இல் தியோகுவே குருவாக்கப்பட்டார். இராஜநாயக்கனின் தகுதியில் மிஷனரிகள் குறை காணவில்லை. அவர் பறையர் சமூகத்தவர். ஆதலால் உயர்சாதிக் கிறித்தவர்கள் அவர் கையால் திருவிருந்து பெறத் தயங்குவர் என்பதே அவர்கள் கருதிய தடை.

இதன்பின்னும் இராஜநாயக்கன் பணியை விட்டு விலகவில்லை. 1771 இல் மறையும் வரை உபதேசியாராகவே தொடர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஊழியத்தில் போதிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. அப்பமும் இரசமும் வழங்கும் உரிமை இல்லை.

மதிப்பீடு

இவ்வரலாற்றை 'பொறுமையின் எடுத்துக்காட்டு' எனப் போற்றி அமைவது எளிது. அப்போற்றுதல் ஒரு பிழையை மறைத்துவிடக் கூடும். ஒடுக்கப்பட்டவரின் பொறுமையைப் புகழ்வது, ஒடுக்கிய முறைமையை வினவாமல் விடுவதற்கு வழியாகும். தகுதியை அறிந்தும் ஏற்பை மறுத்த சபையே இங்குத் தன் அழைப்புக்கு உண்மையாயிருக்கத் தவறியது. எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்த வேண்டிய திருவிருந்தே விலக்கத்திற்குக் காரணமாக்கப்பட்டது இதன் முரண்.

மேலும், இராஜநாயக்கனைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் வெளியான ஹாலே அறிக்கைகளின் வழி வந்தவை. அவை மிஷனரிகளின் தேர்வுக்கும் பார்வைக்கும் உட்பட்டவை. ஆகவே அவரது மௌனத்தை உடன்பாடு எனக் கொள்ளுதல் ஆய்வு நெறிக்கு ஏற்றதன்று. அவர் பணியைத் தொடர்ந்தார் என்பது சான்று. மறுப்பை ஏற்றுக்கொண்டார் என்பது நம் ஊகமே.

முடிவுரை

அழைப்புக்கு உண்மையாயிருத்தல் என்பது பதவியைப் பெறுதலன்று. மறுப்பை நியாயமெனக் கொள்ளுதலுமன்று. ஏற்பு கிட்டாத நிலையிலும் பணியின் உண்மையைக் கைவிடாமை தனிமனிதரின் உண்மைத்தன்மை. இறைவன் அழைத்தவரை அடையாளம் கண்டு, தயக்கமின்றி ஏற்றல் சபையின் உண்மைத்தன்மை. இராஜநாயக்கன் முன்னதை நிறைவேற்றினார். பின்னது அவரது காலத்தில் நிறைவேறவில்லை. தமிழகக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் குருப்பட்டியல்களோடு நில்லாது, உபதேசியார்களின் வாழ்வையும் ஆய்வுக்கு உட்படுத்தும்போதே இவ்விருவகை உண்மைத்தன்மையையும் ஒருங்கே மதிப்பிட இயலும்.