அச்சமும் பராக்கும்: ஆவூர் முதல் ஓரியூர் வரை

கிறிஸ்தவ மறையில் அச்சமும் பராக்கும் ஒரே இரவில், ஒரே தோட்டத்தில் வருகின்றன. கெத்சமனியில் இயேசு கலங்குகிறார். வியர்வை இரத்தத் துளிகளைப்போல் விழுகிறது. கல்லெறி தொலைவில் சீடர்கள் தூங்கிவிடுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி நடக்கும் பாஸ்கா அந்தப் பாடுகளின் நாடகம்தான்.

ஆவூரில் முதலில் கோயில் எழுப்பியவர் இயேசு சபையின் பூசே அடிகள். அவர் காலத்து இயேசு சபை மறைபரப்பாளரே அருளானந்தர். 1686இல் பிடிபட்டு வதைபட்டு, பிழைத்து ஐரோப்பா போனவர், 1690இல் திரும்பி வந்தார். அறந்தாங்கிக்குத் தெற்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 3 அன்று, சிறையிலிருந்தபடி கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார். மறுநாள் தலை வெட்டப்பட்டது. அவருக்கு அச்சமே இல்லை என்று எழுதுவது பக்தியின் மிகை. ஆண்டவருக்கே இருந்தது. அதை ஒளிக்காமல் தந்தையிடம் சொல்லிவிட்டு, அவர் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதே கெத்சமனி காட்டும் வழி. தீராத பதற்றத்துக்கு மருத்துவமும் வேண்டும் என்பார்கள் மருத்துவர்கள்; அதுவும் சரியே.

அச்சத்தைவிடப் பொல்லாதது பராக்கு. அச்சம் முழங்காலில் தள்ளும். பராக்கு எழுப்பிக் கூட்டிப்போய்விடும். திருச்சபை இதற்கு உடம்பையே துணைக்கு அழைத்தது. செபமாலையில் பத்துப் பத்தாக 50 மணிகள்: விரல் மணியைத் தள்ள, வாய் மங்கள வார்த்தையைச் சொல்ல, மனம் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மறையுண்மையில் நிற்கிறது. தவக்கால வெள்ளியில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு எழ வேண்டும்; கால் வலிக்கும்போது மனம் அவ்வளவாக ஓடாது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் நண்பகலிலும் இரவிலும் ஆன்ம சோதனை செய்யச் சொன்னார். செபத்தில் மனம் விலகினால் தன்னை நொந்துகொள்ளாமல், விட்ட இடத்துக்குத் திரும்பினால் போதும் என்பது ஞான குருக்கள் வழக்கமாகச் சொல்வது.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் எதிரி கைப்பேசி. ஆவூர் பாஸ்காவின் கெத்சமனிக் காட்சியைக்கூடப் பலர் அதன் திரைவழியே பார்க்கிறார்கள். இயேசுவைத் தேற்றச் சம்மனசு இறங்கும்போது கைகள் குவிவதில்லை, படம்பிடிக்க உயர்கின்றன. சீடர்களாவது களைத்துத் தூங்கினார்கள். இங்கே விழித்திருந்தே கோட்டைவிடுகிறார்கள். பூசை நேர அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, பாட்டும் செபப் புத்தகமும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன. அதை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள் என்று பங்குச் சாமியாராலும் சொல்ல முடிவதில்லை.