விருந்துக்கு நல்லம்பள்ளி வழியாகப் போங்கள்: இதெல்லாம் தெரியுமா?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, மலைமேல் ஒரு பழைய பங்களா ஹோட்டலில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் மதிய விருந்து சாப்பிட வேண்டும் என்று ஆசையா? தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியிலிருந்து கிளம்பினால், தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் தொட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு!

அங்கே சாப்பாடு முடிந்ததும் வருகிற காபி எப்படி வந்தது தெரியுமா? 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர். ஏறத்தாழ 200 வருஷம் ஆகிறது! அவருக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் கட்டிய பங்களாக்கள் சிலவற்றில் இன்று விருந்தினர் தங்குகிறார்கள்.

இன்னொரு வீட்டுக் கதை இதைவிட ஆச்சரியம். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்திய மனிதனின் வயதையே பின்னுக்குத் தள்ளியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு ஏற்காட்டு 'ஐவி காட்டேஜ்'! 1912-இல் கல்கத்தாவில் காலமானார். அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்துக்கே வந்து சேர்ந்தது. ஆதி மனிதன் வேட்டை இறைச்சியை அறுத்த கல்லைத் தேடித் தேடிச் சேர்த்தவர், இந்த மலையில்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

சரி, மலை ஏறாமலே பெரிய விருந்து ஒன்று நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலேயே நடந்தது தெரியுமா? அதியமான்கோட்டை அதிகத் தொலைவில் இல்லை. அன்று தகடூர் எனப்பட்ட தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட விதம் தெரியுமா? அவன் இறந்தபின் ஔவை அழுது பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டில் அத்தனையும் இருக்கிறது! கள் கொஞ்சமாகக் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, மிச்சத்தைத் தானும் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமானாலும் நிறையவானாலும் பல பேர் கலத்தில் போட்டே உண்பான். எலும்பும் கறியுமாக வரும் துண்டெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் வரும் இடமெல்லாம் அவனுக்கு! நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்கிறாள். ஒரு மன்னன், ஒரு பாட்டுக்காரி, ஒரே பந்தி. உலகத்து எந்த மாளிகை ஹோட்டலும் இதற்கு மேல் என்ன உபசாரம் செய்துவிடும்?

பாயசத்துக்கு இனிப்பும் இந்த மண்ணிலேயே உண்டு. இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்தான் என்று பாடியதும் அதே ஔவைதான்!

இனி நல்லம்பள்ளிப் பக்கத்து வீடுகளில் நண்பர்களுக்குப் போடும் சாப்பாட்டுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை வாரச்சந்தையில் ஆடும் கோழியும் வாங்கிவிடலாம். கூட என்ன? கேழ்வரகுக் களி! நொய் வெந்து தளதளக்கும் பானையில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவே குழி செய்து, மூடி வேகவிடுவார்கள். பிறகு பானை நகராமல் கவைக்கம்பால் அழுத்திக்கொண்டு, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டவேண்டும். தோள் வலிக்கிற வேலை! நனைத்த விரலால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் பதம். தண்ணீர் தடவிய கிண்ணத்தில் உருட்டிப் போட்டால் பளபளவென்று உருண்டை. அவரைக்கொட்டைக் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவதுதான் இந்த ஊர் வழக்கம்.

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் இருப்பதோ அதில் சொற்பமே. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அதுவும் இந்தியா கேட்டு! ஏற்காட்டுப் பங்களா மேசைகளில் சூப்புக்கும் புட்டிங்குக்கும் நடுவே இந்த உருண்டைக்கு ஓர் இடம் கொடுக்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கடைசியாக ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்முடையதே என்று நினைக்கிற கேழ்வரகு முதலில் விளைந்தது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்! குழம்பில் கரைத்த புளியின் பூர்வீகமும் ஆப்பிரிக்கா. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் வந்தன. ஆக, அதியமானும் ஔவையும் காரத்துக்குக் கடித்தது மிளகாய் இல்லை, மிளகு!