தறி வீட்டுக்கு ஒரு வயசான பூனை

பூனை வளர்க்க ஆசையா? காசு கொடுத்து வாங்க வேண்டாம். சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்தெடுக்கலாம். குட்டிகளைத்தான் எல்லோரும் கேட்பாங்க. வயதானது, கூச்சப்படுவது, ஒரு கண் இல்லாதது எல்லாம் வீடு கிடைக்காமல் காத்திருக்கும். காஞ்சிபுரத்தில் இருந்து போகிறவர்கள் அவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

கொண்டுவரும் முன்: வயது, நோய், கொடுக்கும் மருந்து, கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைங்க.

முதல் சில நாட்கள்: தறிச் சத்தம் கேட்காத ஒரே அறை போதும். தண்ணீர், சாப்பாடு, மண் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். இழுத்துத் தூக்காதீங்க, பக்கத்தில் சும்மா உட்காருங்க, அதுவே வரும்.

நெசவாளர் வீடுகளில் முக்கியம்: பட்டு நூல், ஜரிகைத் துண்டுகளை மூடி வையுங்கள். விழுங்கினால் குடலை அறுத்து உயிருக்கே ஆபத்தாகும். வாயிலோ பின்புறமோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் போங்க.

கவனிக்க: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, வயதான பூனை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அதிகத் தாகம் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். நமக்கான பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

எங்கே காட்டலாம்: அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்கு, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நடை, மூச்சில் மாற்றம் தெரிந்தால் வீடியோ எடுத்துப் போங்க. மருத்துவர் முன்னால் பூனை அதைக் காட்டாமல் போகலாம்.