உடன்வருவோரின் மனம்

சேரப்பணஞ்சேரியில் அறையெடுத்துத் தங்கி ஒரகடம் ஆலைக்குச் செல்லும் இளைஞர்கூடத் தம் பழைய மடிக்கணினியில் ‘பால்டர்ஸ் கேட்’ விளையாடலாம். கனடாவின் பயோவேர் நிறுவனம் 1998-இல் உருவாக்கிய கற்பனையுலக விளையாட்டு இது. வரைகலையில் இன்றைய விளையாட்டுகளோடு போட்டியிடவே முடியாது. ஆனாலும் சலிப்பதில்லை, காரணம், உடன்வருவோர். நாயகனையும் சேர்த்துக் குழுவில் ஆறு பேர். காலித்தை நீக்கினால் அவன் மனைவி ஜஹெய்ராவும் போய்விடுவாள். சிறைப்பட்ட டைனஹெய்ரை மீட்கத் தாமதித்தால், வீரன் மின்ஸ்க் நம்மீதே பாய்வான். குழுவின் நற்பெயர் சரிந்தால் நல்லவர்கள் விலகுவர், மிக உயர்ந்தால் தீயவர்கள் (அவர்களுக்கும் கொள்கை உண்டே!). எனவே, வழியில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் விலை உண்டு. புதிய விளையாட்டுகள் பலவற்றில் தோழர்கள் கூடுதல் ஆயுதங்கள் மட்டுமே. இதில் சண்டையை இடையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் நிதானமாகக் கட்டளையிடலாம். சண்டை ஓய்ந்ததும் சேமித்துவிட்டு, இரவுப் பணிக்குக் கிளம்பலாம்.