குடலுக்குப் புது வாசல்: பச்சிலை எதுவரை துணை?

கொங்கு நாட்டில் ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு என்றால், வைத்தியர் வருவதற்கு முன்னால் அஞ்சறைப் பெட்டி திறந்துவிடும். ஓமம், சுக்கு, பெருங்காயம், வெந்தயம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சாதாரண அஜீரணத்துக்கு அவை போதும். பாட்டிமார் வைத்தியத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அதே வீட்டுக்கு, குடலில் சஸ்திர சிகிச்சை முடிந்து, வயிற்றின் மேல் ஒரு பையைத் தரித்தவராய் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெட்டி திறக்கத்தான் செய்யும். அதிலிருந்து எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

இந்தச் சிகிச்சைக்கு இலியாஸ்டமி என்று பெயர். பெருங்குடலில் ஆறாத ரணம், புற்றுநோய், குடல் க்ஷயம், டைபாய்டு ஜுரத்தால் குடல் துளைபடுதல், விபத்து ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்து, மலம் இயற்கையான வழியில் போக முடியாதபோது, சிறுகுடலின் கடைப்பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அந்தத் துவாரத்துக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் 'வாய்' என்று பொருள். அதன்மேல் ஒட்டிய பையில் கழிவு வந்து சேரும். சிலருக்கு இந்த வாசலைச் சில மாதங்களில் மூடிவிடலாம். சிலருக்கு ஆயுள் முழுவதும் அதுவே வழி. மூடுவது சஸ்திர வைத்தியரின் வேலை. பச்சிலை தின்றே இதை மூடிவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அவரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

மரம் தந்த கொடை

அப்படியானால் தாவரங்களால் பயனே இல்லையா? உண்டு, அதுவும் நம் பாரத நாட்டு மரம் ஒன்று செய்த உபகாரத்தை உலகமே அனுபவித்திருக்கிறது.

சிறுகுடலிலிருந்து வரும் நீரில் உணவைக் கரைக்கும் ஜீரண ரசங்கள் கலந்திருக்கும். அவை தோலில் பட்டால் தோலையே அரித்துப் புண்ணாக்கிவிடும். பழைய நாளில் இச்சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நோயைவிட இந்த எரிச்சலே பெரிய வேதனை. 1952-ம் வருஷத்தில் இரண்டு நன்மைகள் விளைந்தன. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து பிரையன் புரூக் என்ற வைத்தியர், சட்டைக் கையை மடிப்பதுபோல் குடலின் நுனியை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். கழிவு தோலில் வழியாமல் பைக்குள்ளேயே விழுவதற்கு அது வழி செய்தது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்து ரூபர்ட் டர்ன்புல், கராயா என்னும் பிசினின் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தோலைக் காப்பதைக் கண்டறிந்தார்.

அந்தப் பிசின் எந்த நாட்டுச் சரக்கு? நம் நாட்டுச் சரக்குதான்! வறண்ட மலைக்காடுகளில் வளரும் அம்மரத்தை வடநாட்டில் குல்லு என்பார்கள். பட்டை வெளுத்துத் தாள்போல் உரியும். பட்டையைக் கீறினால் பிசின் கசியும். மலைவாசிகள் அதைச் சேகரித்து விற்கிறார்கள். தாவர நூலார் அதற்கு இட்ட பெயரில் 'எரிக்கும்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல் ஒன்று உண்டு. காயின்மேல் உள்ள சுணை மேலே பட்டால் எரியும். எரியும் காயைத் தாங்கும் மரமே எரியும் தோலுக்கு மருந்து தந்தது என்பது இயற்கையின் விந்தை.

டர்ன்புல்லிடம் சிகிச்சை பெற்ற நார்மா கில் என்ற பெண்மணி 1958 முதல் அவருடனேயே பணிபுரிந்து, மற்ற நோயாளிகளுக்குப் பை ஒட்டக் கற்றுக்கொடுத்தார். 1961-ல் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி அங்கே தோன்றியது. நோயாளியே ஆசிரியையாக மாறிய இவ்வரலாறு, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்குத் தனி மகிழ்ச்சி அளிக்கிறது. பிற்காலத்தில் கராயாவின் இடத்தைப் பெரும்பாலும் வேறு ஒட்டுத் தகடுகள் பிடித்துக்கொண்டன. அவற்றிலும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோல்களிலிருந்து எடுக்கும் பெக்டின் என்ற சத்து சேருகிறது.

இதிலிருந்து நம் வீடுகள் கற்க வேண்டிய பாடம் ஒன்று: புது வாசலைச் சுற்றியுள்ள தோலுக்கு வேண்டியது உலர்ந்த காப்பு, எண்ணெய் அன்று. மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினால் தகடு ஒட்டாது, கழிவு கசியும், புண் இரட்டிக்கும். வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஸ்டோமாவின் அளவுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாகத் தகட்டின் துளையை வெட்டி ஒட்டுவதே முறை.

பேதி மருந்து என்னும் அபாயம்

வெளிப்பூச்சைவிட உள்மருந்தில் ஆபத்து அதிகம். வயிற்றைச் சுத்தி செய்த பிறகே மற்ற மருந்து என்பது நம் வைத்திய மரபு. பெருங்குடல் உள்ளவருக்கு அது பொருந்தலாம். பெருங்குடலுக்குரிய முக்கிய வேலை நீரையும் உப்பையும் உறிஞ்சித் தேகத்துக்குத் திருப்பித் தருவது. அதைக் கடக்காமல் கழிவு வெளியேறும்போது, நிலைமை சீரான பிறகும் நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல், முக்கால் லிட்டர் வரை கூட, பையில் இறங்கும். அதனோடு உப்பும் போகும். அவருக்குப் பேதி மருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையை மேலும் இடிப்பதாகும்.

நிலாவரையின் சத்து பெருங்குடலிலுள்ள நுண்கிருமிகளால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். பெருங்குடலை எடுத்துவிட்டவரிடம் அதற்கு வேலை இல்லை. விளக்கெண்ணெயோ சிறுகுடலிலேயே வேலையைத் தொடங்கிவிடும். கடுக்காய், கற்றாழைப் பால், பேதி உப்பு எதுவும் வேண்டாம். அதிமதுரத்தை அதிகமாகத் தின்றால் தேகத்திலுள்ள பொட்டாசியம் குறையும். முன்பே உப்புச் சத்துக்களை இழப்பவருக்கு அது தகாது. இனிப்பு மிகுந்த லேகியமும் நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். இசப்கோல் உமி சிலருக்குக் கழிவைக் கெட்டிப்படுத்தும். ஆனால் வெளியேறும் மொத்த அளவு குறையும் என்று நம்பிவிடக் கூடாது.

தாகம் எடுத்தால் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் நல்லதல்ல. அது உப்பை மேலும் அலசிக்கொண்டு போகும். சர்க்கரையும் உப்பும் அளவாய்ச் சேர்ந்தால், குடல் இரண்டையும் சேர்த்து உறிஞ்சும், நீரும் பின்தொடரும். 1971-ல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த எளிய கரைசலைக் கொண்டே காலராவை எதிர்த்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பது வீட்டுக் கணக்கு. பொள்ளாச்சி இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே அது மட்டும் போதாது. உப்பிட்ட கஞ்சியும் மோரும் கோடையில் நல்ல துணை. சிறுநீரகக் கோளாறோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே உப்பைக் கூட்ட வேண்டும்.

மஞ்சளின் மகிமையும் எல்லையும்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமையே. பெருங்குடல் ரணத்துக்கு மஞ்சளின் சத்தான குர்க்குமின் உதவுமா என்று ஜப்பானில் 89 நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்க்குமினும் உண்டவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு. ஆனால் மஞ்சளில் அச்சத்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. கணக்குப் பார்த்தால் அந்த 2 கிராமுக்கு ஏறக்குறைய 65 கிராம் மஞ்சள்தூள் வேண்டும்! ரசத்தில் போடும் சிட்டிகை உணவே தவிர அந்த மருந்தாகாது. மேலும், ரணமான பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டவருக்கு அந்தச் சோதனையின் பலன் பொருந்தாது.

வீட்டார் கவனத்துக்கு

குழைய வெந்த அரிசியும் பருப்பும் கலந்த நம் ஊர்ச் சோறு இவர்களுக்கு இதமானது. தேங்காய்ச் சில்லு, முருங்கைச் சக்கை, கீரைத்தண்டு, நிலக்கடலை ஆகியவை புது வாசலில் அடைத்துக்கொள்ளக்கூடும். முதல் சில வாரங்கள் விலக்கி, பிறகு சிறிது சிறிதாக, நன்றாக மென்று தின்று பார்க்கலாம். நார் மிகுந்த சூரணத்துக்கும் இதே எச்சரிக்கை. நாலைந்து மணி நேரம் பையில் ஒன்றும் இறங்காமல் வயிறு வலித்து வாந்தி வந்தாலும், நாக்கு வறண்டு, சிறுநீர் சுருங்கி, எழுந்தால் தலை சுற்றினாலும், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

1943-ல் ஆரிய வைத்திய பார்மஸி தோன்றிய கோயம்புத்தூரிலேயே 1966-ல் மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. இரண்டு வைத்தியமும் அருகருகே கிடைக்கும் ஊர் இது. கெடுதல் விளைவது இரண்டையும் நாடுவதால் அன்று. ஒன்றை மற்றொன்றிடம் மறைப்பதால்தான். நாட்டு வைத்தியரிடம் போகிறவர் வெட்கப்பட்டுப் பையை வேஷ்டிக்குள் ஒளித்துக்கொண்டு, 'வயிறு சரியில்லை' என்று மட்டும் சொன்னால், அவர் பேதி மருந்து கொடுக்கமாட்டாரா? ஆஸ்பத்திரி டாக்டரிடம் கஷாயத்தை மறைத்தால், நீரிழப்பின் காரணம் அவருக்கு எப்படி விளங்கும்?

வயிற்றில் வாசல் திறந்தது பாவத்தின் பலனுமல்ல, தீட்டுமல்ல. உயிரைக் காத்த வழி. அதை வீட்டார் அருவருப்பின்றி ஏற்றுக்கொண்டால் நோயாளி வைத்தியரிடம் வாய் திறந்து உண்மையைச் சொல்வார். அதன் பிறகே எந்த மூலிகை மருந்து, எது விஷம் என்று பிரித்தறிய முடியும்.