மலைப்பு எங்கே பாடமாகிறது?

ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, உருவத்திலும் நிறத்திலும் மேற்பரப்பின் தன்மையிலும் மூலத்தை ஒத்திருக்கும்படி செய்யப்படும் சிற்றுருவே அளவு மாதிரி. இதில் ஈடுபடுவோர் அதை ஸ்கேல் மாடல் என்றே சொல்வார்கள். பெட்டியின் மேல் 1/72 என்று அச்சிட்டிருந்தால், உண்மையான விமானத்தின் ஆறடி நீளம் மாதிரியில் ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். விமானங்களுக்கு 1/72, 1/48, 1/32 ஆகியவையும், டாங்கிகளுக்கு 1/35 என்பதும், போர்க்கப்பல்களுக்கு 1/350, 1/700 ஆகியவையும் வழக்கமான விகிதங்களாக நிலைபெற்றுவிட்டன. கடையில் கிடைக்கும் கிட் என்னும் பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு வரும் நூற்றுக்கணக்கான உறுப்புகளை வெட்டியெடுத்து, பொருத்திப் பார்த்து, ஒட்டி, இடைவெளிகளில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணமடித்து முடிப்பது பெரும்பாலோர் செய்யும் வேலை. கிட் எதுவும் இல்லாமல் தகடு, மரம், கம்பி ஆகியவற்றிலிருந்து ஒவ்வோர் உறுப்பையும் தாமே உருவாக்குவது ஸ்கிராட்ச் பில்டிங் எனப்படும். அது சிலருக்கே கைவந்தது.

இந்தக் கலையில் புதிதாக நுழைந்தவர் இரண்டு மூன்று மாதிரிகளைச் செய்து முடித்த பிறகு, தேர்ந்த ஒருவரின் படைப்பை நேரிலோ படத்திலோ காணும்போது, அவருக்குள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உணர்வுகளில் ஒன்று எழுகிறது. ஒருவர் அன்றிரவே தம் மேசையில் உட்கார்ந்து விளக்கைப் போடுகிறார். மற்றொருவர் பாதியில் நிற்கும் தம் மாதிரியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார். பார்த்தது ஒரே பொருளாக இருக்க விளைவு மட்டும் ஏன் இப்படிப் பிரிகிறது என்ற கேள்விக்கு உளவியலில் ஓரளவு விடை உண்டு.

மனிதர் தம் திறமையை அளந்துகொள்ளப் புறத்தே அளவுகோல் கிடைக்காதபோது பிறரோடு ஒப்பிட்டே அளந்துகொள்கிறார்கள் என்ற கருத்தை லியான் ஃபெஸ்டிங்கர் 1954-இல் முன்வைத்தார். சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு என்று அது அறியப்படுகிறது. நம்மைவிட உயர்ந்தவரோடு செய்யும் ஒப்பீடு எப்போது ஊக்குகிறது, எப்போது முடக்குகிறது என்பதை பெனலபி லாக்வுட்டும் ஸிவா குண்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகச் சோதித்தது. கணக்கியல் படிக்கும் மாணவர்களுக்கு, அதே துறையில் இறுதியாண்டு படித்துப் பெரும் சாதனைகள் புரிந்த ஒரு மாணவரைப் பற்றிய செய்திக் கட்டுரை படிக்கக் கொடுக்கப்பட்டது. முதலாண்டு மாணவர்கள் அதைப் படித்தபின் தம்மைப் பற்றி மேலும் உயர்வாக மதிப்பிட்டார்கள்; இறுதியாண்டு மாணவர்களிடம் அந்த ஊக்கம் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தச் சாதனையை எட்டுவதற்கான காலம் தங்களுக்குக் கடந்துவிட்டது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். சாதனையின் உயரம் இரு சாராருக்கும் ஒன்றே. நாமும் அங்கே போய்ச் சேர முடியுமா என்ற கணிப்புதான் வேறுபட்டது. அறிவுத்திறன் பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது என்று நம்புவோரைவிட, அது வளரக்கூடியது என்று நம்புவோரே இத்தகைய முன்மாதிரிகளால் ஊக்கம் பெறுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் வெளிப்பட்டது.

மாதிரிக் கலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு நற்செய்தி கிடைக்கிறது. பாட்டுக்கோ ஓட்டப்பந்தயத்துக்கோ குரலும் உடலும் ஓரளவேனும் வாய்த்திருக்க வேண்டும். இங்கே கைராசி என்று பார்ப்பவர் வியக்கும் பலவும் உண்மையில் வேலைகளைச் செய்யும் வரிசையாலும், சில எளிய இயற்பியல் விதிகளாலும் விளைபவை.

விமான மாதிரியின் உடலெங்கும் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் தலைமயிரளவு பள்ளக் கோடுகள் ஓடும். தேர்ந்தவரின் மாதிரியில் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் பிசிறின்றிக் கருத்திருப்பதைப் பார்ப்பவர், இவ்வளவு மெல்லிய கோட்டை நடுங்காமல் வரைய எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டுமோ என்று மலைக்கிறார். உண்மையில் அங்கே யாரும் கோடு வரையவே இல்லை. ஆயில் பெயிண்டைத் தின்னரில் நீர்போலக் கரைத்து, தூரிகையின் நுனியால் பள்ளத்தின் ஓரிடத்தைத் தொட்டால் போதும். தந்துகிக் கவர்ச்சி என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே விசை அந்தக் கரைசலைக் கோட்டின் வழியே தானாக இழுத்துச் செல்லும். வாஷ் எனப்படும் இந்த முறைக்கு வேண்டியது இரண்டே ஏற்பாடுகள்: கரைசல் தடையின்றி ஓடுவதற்கு மேற்பரப்பு முன்கூட்டியே பளபளப்பான தெளிபூச்சு பெற்றிருக்க வேண்டும், அந்தப் பூச்சைக் கரைக்காத தின்னராகவும் இருக்க வேண்டும். வழிந்ததைக் காய்ந்தபின் துடைத்துவிடலாம்.

அந்தப் பளபளப்புப் பூச்சுக்கு மற்றொரு பயனும் உண்டு. டீகால் என்பது அடையாளச் சின்னங்களும் எண்களும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம். அதை மங்கலான வண்ணத்தின் மேல் நேரடியாக ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்கிடையே காற்று சிக்கிக்கொண்டு, படலத்தின் கீழே வெள்ளியைப்போல ஒரு புகைமூட்டம் படர்ந்துவிடும். புதியவரின் மாதிரி பொம்மையைப்போலத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தெளிபூச்சு அடித்து மேற்பரப்பை வழவழப்பாக்கி, டீகாலை ஒட்டி, படலத்தை இளக்கும் திரவத்தைத் தடவிப் பள்ளங்களுக்குள் படியச் செய்து, மறுபடி தெளிபூச்சால் மூடி, வாஷ் முடிந்ததும் கடைசியாக மங்கலாக்கும் பூச்சை அடித்தால் சின்னம் தகட்டிலேயே வரையப்பட்டதுபோல் இருக்கும். இந்தப் படிகளில் எதுவும் அசாதாரணத் திறமை கேட்பதில்லை. எல்லாம் கேட்பது, ஒன்று நன்றாகக் காயும்வரை அடுத்ததைத் தொடாத பொறுமை.

பெயர்ந்த வண்ணத்தின் ரகசியம் இன்னும் வேடிக்கையானது. பழைய டாங்கியின் ஓரங்களில் வண்ணம் உரிந்து துரு எட்டிப் பார்ப்பதைத் தூரிகையால் புள்ளி புள்ளியாகத் தீட்டுவதே முன்பு வழக்கமாக இருந்தது. பிறகு, முதலில் துரு நிறத்தை அடித்து, அதன்மேல் தலைமுடிக்குப் பயன்படும் ஹேர் ஸ்பிரேயைத் தெளித்து, அதற்கும் மேல் அக்ரிலிக் வண்ணம் அடித்து, ஈரத் தூரிகையால் தேய்க்கும் முறை பரவியது. ஹேர் ஸ்பிரே நீரில் கரையும் என்பதால், நீர் ஊடுருவிய இடங்களில் மேல்வண்ணம் பிடிப்பிழந்து உதிர்கிறது. வண்ணம் உண்மையாகவே உரிவதால்தான் அது உரிந்ததுபோல் தோன்றுகிறது.

ஆகவே தேர்ந்தவரின் மாதிரியை முழுமையாக ஒரே பார்வையில் விழுங்க முயல்பவருக்கு மலைப்பும், அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பவருக்குப் பாடமும் கிடைக்கின்றன என்று கொள்ளலாம். இதை நன்குணர்ந்த நிபுணர்கள் தம் முறைகளை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஷெப்பர்ட் பெய்ன் 1970-களில் மோனோகிராம் நிறுவனத்துக்காக அமைத்த டயோராமாக்கள், அதாவது மாதிரிகளை மனிதர், நிலம், கட்டடம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு நிகழ்ச்சியாகக் காட்டும் அமைப்புகள், அந்நாளில் பலரை வியக்கவைத்தன. நிறுவனம் படத்தை மட்டும் விளம்பரமாகப் போட்டிருந்தால் அது வியப்போடு நின்றிருக்கும். கிட் பெட்டிக்குள்ளேயே, அந்த டயோராமாவை எப்படி அமைத்தார் என்று பெய்ன் விளக்கிய துண்டறிக்கையும் இருந்தது. விமானம் வாங்கிய சிறுவன், அதே கிட்டிலிருந்து அந்தக் காட்சி எப்படிப் பிறந்தது என்பதைப் படித்தான். இன்று மூத்த மாதிரிக் கலைஞர்களாக இருக்கும் பலர் தம் தொடக்கமாக அந்தத் தாள்களையே குறிப்பிடுகிறார்கள். பித்தளையும் செம்பும் கொண்டு கார் மாதிரிகளைச் செய்த பிரிட்டனின் ஜெரால்ட் விங்குரோவும், ஒவ்வொரு கம்பிச் சக்கரத்தையும் எந்தக் கருவியால் எவ்வாறு கோத்தார் என்பதை நூலாகவே எழுதினார். தொழில் ரகசியத்தைத் தந்தை மகனுக்கு மட்டுமே சொல்லும் கைவினை மரபுகளோடு ஒப்பிட்டால் இந்தத் தாராளம் சாதாரணமானதன்று.

ஆனால் எல்லாவற்றையும் உத்தியாகச் சுருக்கிவிடுவதும் நேர்மையாகாது. பிரிட்டனின் டேவிட் க்ளென், ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மாதிரி ஒன்றைச் செய்தார். பதினோர் ஆண்டு உழைப்பின் பயனான அது, லண்டன் ஹெண்டனிலுள்ள அரச விமானப்படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் மேற்தோல், அச்சகங்களில் பயன்படும் மெல்லிய அலுமினியத் தகடு. அதன்மேல் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். இப்படிப்பட்ட படைப்பைப் பார்த்து, உத்தி தெரிந்தால் தாமும் செய்துவிடலாம் என்று எவரும் தம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதன் பின்னுள்ள ஆண்டுகளை எந்தத் துண்டறிக்கையும் குறைத்துத் தராது. எனினும் பயனற்ற அச்சுத் தகடு விமானத்தின் தோலாகலாம் என்பது, முழு விமானத்தையும் செய்ய நினைக்காதவருக்கும் உடனே கைகொடுக்கும் செய்தி. 1/48 விமானத்தில் ஒரு சிறு மூடியை அத்தகைய மெல்லிய தகட்டால் வெட்டி வைக்க ஒரு மாலைப்பொழுது போதும். சிகரத்திலிருந்து கல் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குச் சிகரத்தைச் சொந்தமாக்க வேண்டியதில்லை.

ஊக்கமிழப்புக்கு இன்னொரு மூலமும் உண்டு. அது துல்லியம் பற்றிய மிகை நம்பிக்கை. ஆர்வலர்கள் தம்மைத்தாமே கேலி செய்துகொள்ளும் ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது: அட்வான்ஸ்டு மாடலர்ஸ் சின்ட்ரோம், சுருக்கமாக ஏ.எம்.எஸ். திறமை வளர வளர, கிட்டில் ஒவ்வொரு பிழையும் கண்ணை உறுத்த, திருத்தத் திருத்தப் புதிய பிழை தெரிய, ஒரு மாதிரியும் முடியாமல் போகும் நிலை அது. தொடக்கநிலையாளரை முடக்கும் மலைப்பு முதிர்ந்தவரை இந்த வேடத்தில் பிடிக்கிறது. இதற்கு மருந்து எளிய கணக்கு. 1/72 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் ஓரம், உண்மையான விமானத்தில் 72 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சமம். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள உண்மைத் தகட்டைக் கணக்குப்படி சுருக்கினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்காகும். அதைக் கையால் தொட்டாலே கசங்கிவிடும். ஆகவே எவ்வளவு தேர்ந்தவரும் விளிம்பை மட்டும் தேய்த்து மெல்லியதாக்கி, உட்புறத்தைத் தடிப்பாகவே விட்டுவைத்து, கண்ணை நம்பவைக்கிறார். நிறத்திலும் இதே சமரசம்தான்: தொலைவிலுள்ள பொருளின் நிறம் காற்றினூடே வெளிறித் தெரிவதால், மூலத்தின் வண்ணத்தை அப்படியே அடித்த சிறு மாதிரி அதிகமாகக் கருத்துத் தோன்றும் என்று கருதிப் பலர் வேண்டுமென்றே வெள்ளை கலக்கிறார்கள்.

விகிதங்களின் வரலாறே இவ்வகைச் சமரசங்களால் ஆனது. இன்று டாங்கி மாதிரிகளின் உலக வழக்காகிவிட்ட 1/35, ஜப்பானின் ஷிஸுவோகாவைச் சேர்ந்த டமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் தன் பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பாட்டரியும் அடங்குமாறு உடலை அமைத்ததிலிருந்து வந்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், நெப்போலியன் காலப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர்கள், உணவில் மிஞ்சிய மாட்டெலும்பையும் ஆட்டெலும்பையும் செதுக்கிக் கப்பல் மாதிரிகள் செய்து முகாம் வாசல் சந்தையில் விற்றதைக் காணலாம். நார்மன் கிராஸ் முகாமில் உருவான பொருட்களின் பெருந்தொகுப்பு இன்று பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைபடம் இல்லாமல் நினைவிலிருந்து செய்தவை என்பதால் இத்தகைய கப்பல்களில் விகிதம் பல இடங்களில் தவறுகிறது. பாய்மரம் உயர்ந்தும், பீரங்கி பருத்தும் இருக்கும். விகிதக் கணக்கில் தோற்றுப்போன இந்தக் கப்பல்களின் முன்னால் இன்றைய நிபுணர்களும் நின்று பார்க்கிறார்கள்.

போட்டிகள் நடத்தும் முறையிலும் ஒப்பீட்டின் இந்த இருமுகம் பிரதிபலிக்கிறது. ஒரு பிரிவில் வைக்கப்பட்ட மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு தருவது பழைய முறை. அங்கே அண்டை மேசையில் யார் வந்தார் என்பதே ஒருவரின் விதியை முடிவு செய்யும். கவச வாகன மாதிரிகளுக்கான அமெரிக்கச் சங்கமான ஏ.எம்.பி.எஸ். போன்றவை வேறு வழியைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு மாதிரியும் வரையறுத்த தரத்தோடு மட்டும் ஒப்பிடப்பட்டு, தகுதி பெற்ற அனைவருக்கும் பதக்கம் கிடைக்கிறது; தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை, மாஸ்டர் நிலை என்று பங்கேற்பவரின் அனுபவத்துக்கேற்ப அளவுகோலும் மாறுகிறது. கையில் சிறு டார்ச்சுடன் குனிந்து பார்க்கும் நடுவர்கள், ஒட்டுக்கோடு எங்கே மிஞ்சியது, டீகால் எங்கே வெளுத்தது என்று குறிப்பெழுதிய மதிப்பெண் தாளைச் செய்தவரிடமே கொடுத்துவிடுகிறார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள மாஸ்டர் நிலைப் பங்கேற்பாளருக்கும் அப்படி ஒரு தாள் வருகிறது.